ஆஃப்ல இருந்தா பயமில்லை

இந்த ஸ்டூல்ல உட்கார்ந்துக்கட்டுமா தம்பி? நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க, நான் குறுக்கே வர மாட்டேன். ஸ்கூட்டரோட முன்பக்கத்துக் கவரைக் கழட்டிட்டீங்கன்னா சாவி லைன் கண்ணுக்குத் தெரியும். அந்த மூலையில ஜிபிஎஸ் பெட்டியை வச்சுரலாம், இடம் தாராளமா இருக்கு. அட, உங்களுக்குச் சொல்லித் தர வரலை, தப்பா நினைக்காதீங்க. இபியில லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டையர் ஆனவன் நான். வயரைப் பார்த்தா வாய் சும்மா இருக்காது.

வண்டி என் பொண்ணோடது. அபிநயா. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப் நிழல்ல பச்சை சுடிதார் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கால்ல, அவதான். உள்ள வந்து ஃபேனுக்குக் கீழ உட்காரும்மான்னேன், கேட்கலை. மணப்பாறையில இருந்து இந்தக் கருமண்டபம் வரைக்கும் நான்தான் ஓட்டிட்டு வந்தேன், பின்னாடி உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசலை. வர்ற திங்கக்கிழமை தில்லைநகர்ல ஒரு லேப்ல வேலைக்குச் சேர்றா. ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணுவாங்கள்ல, அந்த வேலை. பஸ்ல போயிட்டு வர்றேன்னா. இல்லாட்டி லேடீஸ் ஹாஸ்டல்ல தங்கிக்கிறேன்னா. ரெண்டுக்கும் நான் ஒத்துக்கலை. பஸ்ல ஏறிட்டா எங்க இறங்குறா, யாரோட நிக்கிறா, வீட்டுல இருக்கிறவனுக்கு என்ன தெரியும் சொல்லுங்க. சொந்த வண்டின்னா ஜிபிஎஸ் மாட்டலாம். எந்த ரோட்டுல போறா, எங்க நிக்கிறா, எல்லாம் நம்ம கையில இருக்கும். அவசரம்னா நிறுத்தியும் போடலாம்.

அந்த நிறுத்துற லைன்தான் முக்கியம். அதுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தது. எங்க ஊர்ல ஒருத்தனும் கை வைக்க மாட்டேங்கிறான். ஜிபிஎஸ்னு சொன்னதும் வாங்க சார்ங்கிறான். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்ததும் ஆள் இல்லைங்கிறான், கரண்ட் இல்லைங்கிறான். கரண்ட் இல்லைன்னு என்கிட்டயே சொல்றான் பாருங்க. எல்லாம் அந்த சகாயராஜ் பண்ணிவிட்ட வேலை. அவன் செஞ்ச தப்புக்கு ஊரே என்னை ஒரு மாதிரி பார்க்குது. நீங்க இந்த ஊர்க்காரர், உங்களுக்கு அவனைத் தெரியாது. ஆனா தெரிஞ்சுக்கணும். அவன் செஞ்சதை நீங்க செஞ்சிரக் கூடாது பாருங்க, அதுக்குத்தான் சொல்றேன்.

இந்தாங்க பெட்டி. புதுசு இல்லை, ஆனா நல்லா வேலை செய்யுது. ஓரத்துல கீறல் இருக்கு, அதைப் பார்க்காதீங்க. சிம்முக்கு நான் ரீசார்ஜ் பண்ணிட்டேதான் இருக்கேன், ஒரு மாசம் கூட விடலை. சிவப்பையும் கருப்பையும் பேட்டரியில குடுத்து மட்டும் பாருங்க, இப்பவே என் போன்ல காட்டும். உள்ள லைட்டு மினுக்குனா சிக்னல் எடுத்துருச்சுன்னு அர்த்தம். கொஞ்ச நேரம் ஆகும், அது மெதுவாத்தான் முழிக்கும்.

என் மூத்தவன் பேரு பிரசன்னா. துவாக்குடியில ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில வெல்டிங் சூப்பர்வைசரா இருந்தான். சொந்த சம்பாத்தியத்துல பெரிய வண்டியா ஒண்ணு எடுத்தான். எடுத்த கையோட நேரா சகாயராஜ் கடைக்குக் கொண்டு போயிட்டான். ஃபாக் லைட் போட்டான், ஹாரனை மாத்தினான், ஹேண்டில்பார்ல போனை மாட்டுறதுக்கு ஒரு ஹோல்டர், அந்தப் போனுக்கு அங்கேயே சார்ஜர். லீவு விட்டா போதும், கூட வேலை பார்க்கிற பசங்களோட கொல்லிமலை, ஏற்காடுன்னு கிளம்பிருவான். ரூட்டைப் போன்ல போட்டுக்கிட்டு போவான். சகாயராஜ் கைவேலை சுத்தம்தான், இல்லைன்னு சொல்லலை. ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனியா ஃப்யூஸ் போட்டிருந்தான். வயரை எல்லாம் டேப் சுத்தி ஃப்ரேமோட ஒட்டக் கட்டியிருந்தான். பக்கத்துல நின்னு பார்த்துட்டு நானே நல்லாருக்குப்பான்னேன்.

இவ்வளவு மாட்டின வண்டியை எவனாவது தள்ளிட்டுப் போயிருவான், ஒரு ஜிபிஎஸ்ஸும் போட்டுருன்னு சொன்னது நான்தான். பிரசன்னா சரிப்பான்னான். அவன் எதுக்கும் எதிர்த்துப் பேசுற பிள்ளை இல்லை. பத்தாவதுக்கு அப்புறம் டிப்ளமோ சேருன்னேன், சரிப்பா. வெளியூர் வேலை வேண்டாம், துவாக்குடியே போதும்னேன், சரிப்பா. ஊர்ல இருக்கிறவன் எல்லாம் பிள்ளை அடங்கலைன்னு புலம்புறான், எனக்கு அந்தக் கவலையே இருந்தது கிடையாது.

சகாயராஜ் ஜிபிஎஸ்ஸை மாட்டிட்டு, போன்ல ஒரு பட்டனைக் காட்டினான். இதை அமுக்கினா வண்டி ஆஃப் ஆயிரும் சார்னான். சரின்னு வீட்டுக்கு வந்து, பிரசன்னாவை வாசல்ல வண்டியை ஸ்டார்ட்ல வச்சிருக்கச் சொல்லிட்டு அமுக்கிப் பார்த்தேன். வண்டி பாட்டுக்கு ஓடிட்டு இருக்கு. திரும்ப அமுக்கினேன், ஓடுது. அவன் சாவியைத் திருகி நிறுத்தினதுக்கு அப்புறம்தான் மறுபடி ஸ்டார்ட் ஆகலை. எனக்கு எரிச்சலா வந்துச்சு. அப்படியே வண்டியோட அவனையும் கூட்டிட்டு சகாயராஜ் கடைக்குப் போயிட்டேன். ஏன்யா, சுவிட்சுன்னு ஒண்ணு வச்சா ஆஃப் ஆக வேண்டாமான்னு கேட்டேன். அவன் கையைத் துடைச்சுக்கிட்டே, "ஓடுற வண்டியை நிறுத்தக் கூடாது சார், நின்ன வண்டி திரும்பக் கிளம்பக் கூடாது, அவ்வளவுதான் இதுக்கு வேலை"ன்னான். அதுக்காக ஸ்டார்ட்டர் லைன்ல குடுத்திருக்கானாம். எனக்கே பாடம் எடுக்கிறான்.

தம்பி, நான் என் சர்வீஸ்ல எத்தனை போஸ்ட்டு ஏறியிருப்பேன், எத்தனை பேரை ஏத்தி விட்டிருப்பேன். எங்க வேலையில ஒரே ஒரு விஷயம்தான். ஆன் பண்ணும்போதுதான் யோசிக்கணும். யார் ஏறியிருக்கான், யார் இறங்கிட்டான், லைன் கிளியர்னு அனுமதி வாங்கினவன் திருப்பிக் குடுத்துட்டானா, எல்லாத்தையும் நூறு தடவை கேட்டுட்டுத்தான் சுவிட்சுல கை வைக்கணும். ஆஃப் பண்றதுக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. சந்தேகமா இருக்கா, ஆஃப் பண்ணு. காத்து அடிக்குதா, ஆஃப் பண்ணு. ஒயர் அறுந்து கிடக்குன்னு எவனாவது குடிச்சுட்டுப் போன் பண்ணினாலும் முதல்ல ஆஃப் பண்ணு, அப்புறம் போய்ப் பார்த்துக்கலாம். ஊரே திட்டும், திட்டிட்டுப் போகட்டும். ஆஃப்ல இருக்கிற லைன் யாரையும் கொன்னதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல கண்ணு முன்னாடி ஒருத்தன் செத்தான். எங்க கேங்கு ஆள்தான், மாசிலாமணின்னு பேரு. நாங்க சப்ளையை ஒழுங்கா நிறுத்திட்டுத்தான் ஏறினோம். பக்கத்துல இருந்த அரிசி மில்லுக்காரன் கரண்ட் இல்லைன்னு ஜெனரேட்டரைப் போட்டுட்டான். அது ரிட்டர்ன் ஆகி லைனுக்கு வந்துருச்சு. கீழ கயிறைப் பிடிச்சுட்டு நின்னவன் நான். இன்னைக்கும் அந்த மில்லு வழியா நான் போறதில்லை, சுத்திக்கிட்டுத்தான் போவேன். எவனோ எங்கயோ ஆன் பண்ணினதுல போன உசுரு தம்பி அது. அன்னையில இருந்து என் செக்‌ஷன்ல என் லைன்ல ஒரு ஆளுக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை. ஆபீஸ்ல போய் விசாரிச்சுப் பாருங்க.

அதைத்தான் சகாயராஜ்கிட்டயும் சொன்னேன். ஆஃப் பண்றதுல என்னய்யா ஆபத்துன்னு கேட்டேன். நடுரோட்டுல ஓடுற வண்டி திடீர்னு நின்னா பின்னாடி வர்றவன் அடிச்சிர மாட்டானா சார்னான். திருடன்தானே ஓட்டுவான், அடிச்சா அடிபடட்டும்னேன். பிரசன்னா பக்கத்துல நின்னு சிரிச்சான். சகாயராஜுக்குச் சிரிப்பு வரலை. மாட்டேன்னு நின்னான். நீ மாட்டலைன்னா திருச்சியில ஆயிரம் கடை இருக்குன்னு வண்டியைத் திருப்பினேன். அப்புறம்தான் வழிக்கு வந்தான். ஸ்டார்ட்டர் லைன்ல இருந்ததைப் பிரிச்சு எடுத்து, இன்ஜினுக்குப் பொறி குடுக்கிற காயில் லைன்ல குடுத்தான். குடுத்துட்டு என்னைத் தனியாக் கூட்டிட்டுப் போய், "சார், ஒண்ணு மட்டும் பார்த்துக்குங்க. ஸ்பீடு ஜீரோன்னு காட்டும்போது மட்டும்தான் அமுக்கணும்"னான்.

பார்த்தீங்களா? அவன் வாயாலயே சொல்றான். அப்போ ஆபத்துன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சே எதுக்கு மாட்டணும்? தெரியாம செஞ்சான்னா நான் மன்னிச்சிருவேன். தெரிஞ்சு செஞ்சா அது தப்பில்லையா? நான் கேட்டேன்னா, ஆயிரம் கேட்பேன். கஸ்டமர் கேட்பான். வேலை தெரிஞ்சவன்தானே மறுக்கணும்? நான் சொல்றது சரிதானே தம்பி?

சரி, விடுங்க. அந்த காயில் வயர் மஞ்சளும் கருப்புமா இருக்கும், பார்த்து எடுங்க.

மாட்டினதுக்கு அப்புறம் ரொம்ப உபயோகமா இருந்துச்சு. பொய் சொல்லக் கூடாது. சாயங்காலம் பட்டறை விட்டுக் கிளம்பினதும் போன்ல புள்ளி நகர ஆரம்பிக்கும். நான் ஈசிசேர்ல படுத்துக்கிட்டே பார்ப்பேன். பஞ்சப்பூர் தாண்டிட்டான், மங்கை, குழம்பை அடுப்புல வைன்னு உள்ள குரல் குடுப்பேன். மங்கையர்க்கரசி, என் வீட்டுக்காரி. ஒரு நாள் புள்ளி ஒரு சினிமா தியேட்டர்ல நின்னுச்சு. ஓவர்டைம்னு என்கிட்ட சொல்லியிருந்தான். படம் விடட்டும்னு காத்திருந்து, வண்டி நிக்கும்போதே அமுக்கிட்டேன். கொஞ்ச நேரத்துல போன் வந்துச்சு, அப்பா வண்டி ஸ்டார்ட் ஆகலைப்பான்னு. ஓவர்டைம் முடிஞ்சுதாடான்னு கேட்டேன். சரி வான்னு ஆன் பண்ணி விட்டேன். அன்னைக்குச் சாப்பிடாமப் படுத்தான். மறுநாள்ல இருந்து எங்க போனாலும் சொல்லிட்டுப் போவான். இன்னும் ரெண்டு மூணு தடவை அந்த மாதிரி செய்ய வேண்டி வந்துச்சு. ஒரு தடவை மழையில நின்னுட்டான் பாவம். சுத்தமா அடங்கிட்டான். கொல்லிமலை எல்லாம் விட்டுட்டான். கூட வர்ற பசங்க கூப்பிடுறதையும் விட்டுட்டாங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில குளிச்சுட்டு, சமயபுரம் கோயிலுக்குப் போயிட்டு வர்றேம்பான்னான். நல்லாப் போயிட்டு வாடான்னு திருநீறு பூசி அனுப்பினது நான்தான். தோள்ல ஒரு பை இருந்துச்சு. என்னடா பைன்னு கேட்டதுக்கு அம்மா எலுமிச்சை சாதம் கட்டிக் குடுத்திருக்காங்கன்னான். கோயிலுக்குப் போறவனுக்கு எதுக்கு அவ்வளவு பெரிய பைன்னு அப்ப எனக்குத் தோணலை. பேப்பர் படிச்சுட்டு இருந்தேன். நடுவுல போனை எடுத்துப் பார்க்கிறேன், புள்ளி சமயபுரம் டோல்கேட்டைத் தாண்டிருச்சு. கோயிலுக்குத் திரும்பாம நேரா மெட்ராஸ் ரோட்டுல போகுது. சரி, எங்கயாவது டீ குடிக்கப் போறானாக்கும்னு பார்த்தேன். நிக்கலை. போன் அடிச்சேன், எடுக்கலை. திரும்ப அடிச்சேன், எடுக்கலை. அந்த ஹோல்டர்ல கண்ணு முன்னாடிதான் போன் இருக்கு தம்பி. அப்பான்னு பேர் எரியும். பார்த்துக்கிட்டே போறான்.

மங்கையைக் கூப்பிட்டேன். எங்கடி போறான்னு கேட்டேன். முதல்ல தெரியாதுன்னா. சத்தம் போட்டதும் சொல்லிட்டா. ஸ்ரீபெரும்புதூர்ல வேலை கிடைச்சிருக்காம். ரூம் கூட பார்த்து வச்சிருக்கானாம். போய்ச் சேர்ந்துட்டுப் போன் பண்ணி உங்ககிட்டச் சொல்லுவாங்கிறா. பெத்தவன்கிட்டச் சொல்லாம ஒருத்தன் வேலைக்குப் போறான், அதுக்கு எலுமிச்சை சாதம் கட்டிக் குடுத்து அனுப்பியிருக்கா இவ. இவ ஒரு வார்த்தை என்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா எதுவுமே நடந்திருக்காது. நான் என்ன, வேலைக்குப் போகக் கூடாதுன்னா சொல்லப் போறேன்? சொல்லியிருப்பேன், ஆனா பேசித் தீர்த்திருக்கலாம்ல.

போன்ல ஸ்பீடு பார்த்தேன். எண்பதுக்கு மேல காட்டுது. என்கிட்ட இருந்து தப்பிச்சு ஓடுற வேகம் தம்பி அது. அந்த வேகத்துல போறான், மனசு நிதானத்துல இல்லை, லாரி போற ரோடு. நான் என்ன பண்ணுவேன் சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். ஆபத்துன்னா முதல்ல சப்ளையை நிறுத்து.

அபி அப்ப கூடத்துலதான் துணி மடிச்சுட்டு இருந்தா. நான் போனை எடுத்ததைப் பார்த்துட்டு ஓடி வந்து கையைப் பிடிச்சா. "ஓட்டிட்டு இருக்கான்பா, அமுக்காதீங்க"ன்னா. சின்னப் பிள்ளை, அவளுக்கு என்ன தெரியும், பயத்துல சொல்றா. கையை உதறிட்டேன். அமுக்கினதும் எப்பவும் வர்ற மாதிரி மெசேஜ் வந்துச்சு, வண்டி ஆஃப் ஆயிருச்சுன்னு. புள்ளி நின்னுருச்சு. எனக்கு மூச்சு வந்துச்சு. உள்ள திரும்பி, "மங்கை, நிறுத்திட்டேன், இப்பப் போன் பண்ணுவான் பாரு"ன்னு சொன்னேன்.

போனைக் கையில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். என்ன பேசணும்னு கூட யோசிச்சு வச்சுட்டேன். திட்டக் கூடாது, சாப்பிட்டியாடான்னு கேட்கணும், வீட்டுக்கு வா பேசிக்கலாம்னு சொல்லணும், அப்படின்னு எல்லாம். வரலை. ரோஷக்காரன், பொறுத்துப் பார்ப்போம்னு இருந்தேன். அப்புறம் நானே அடிச்சேன். ரிங் போகுது. எடுத்தது யாரோ ஒரு ஆள். "அப்பான்னு பேர் போட்டிருக்கு, நீங்க அப்பாங்களா?"ன்னு கேட்டான்.

பாடாலூருக்குக் கொஞ்சம் முன்னாடி. ஒரு டிரெய்லரை ஓவர்டேக் பண்ணி பாதியில போயிட்டு இருந்திருக்கான், பின்னாடி சிமெண்ட் லாரி வந்திருக்கு. அந்த இடத்துல வண்டி இழுவை இல்லாமப் போயிருச்சு. நான் போய்ப் பார்த்தப்போ ரோட்டோரத்துல வண்டியை இழுத்துப் போட்டிருந்தாங்க. ஃபாக் லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கு தம்பி. பட்டப்பகல்ல ரெண்டு லைட்டும் எரியுது. அந்த போன் ஹோல்டர் கூட உடையலை, சார்ஜ் ஏறிட்டு இருந்துச்சாம். அவ்வளவு நல்லா மாட்டினவன் அந்த ஒரு லைனை மட்டும் ஏன் அப்படிக் குடுத்தான்? எலுமிச்சை சாதம் ரோடெல்லாம் கிடந்துச்சு. என் பிள்ளையை நான் அங்க பார்க்கலை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க, உசுரோட போய்ச் சேரலை.

கொஞ்சம் தண்ணி இருந்தா குடுங்க. ம். சோத்துல கையை வச்சா அவன் நினைப்பு வந்துருது, வேற ஒண்ணுமில்லை.

போலீசுல ஆக்சிடென்ட்னு எழுதிட்டாங்க. லாரிக்காரன் மேல கேஸ். நான் விடலை. சகாயராஜ் மேலயும் எழுதுங்கன்னு ஸ்டேஷனுக்கு நடையா நடந்தேன். எஸ்.ஐ. சின்ன வயசுக்காரர், நல்ல மனுஷன். நான் சொன்னதை எல்லாம் பொறுமையாக் கேட்டார். ஸ்டார்ட்டர் லைன், காயில் லைன் எல்லாம் வரைஞ்சு காட்டினேன். கேட்டுட்டு, "பட்டனை அமுக்கினது யாரு சார்?"னு கேட்டார். அமுக்கினா நிக்கிற மாதிரி வச்சது யாருன்னு நான் கேட்டேன். டீ வாங்கிக் குடுத்து, வீட்டுக்குப் போங்க சார், அம்மாவைப் பார்த்துக்குங்கன்னு அனுப்பிட்டார். கேஸ் எழுதுற அதிகாரி இல்லாத இடத்துல நியாயம் எங்க இருந்து கிடைக்கும்.

பிரசன்னாவை எடுத்த அன்னைக்கு சகாயராஜ் வந்திருந்தான். வீட்டுக்கிட்ட வரலை, தெருமுனையில நின்னுக்கிட்டு ஒரே அழுகை. குத்தம் செய்யாதவன் எதுக்கு அழணும்? எனக்கே அப்ப அழுகை வரலை. அப்புறம் கடையை மூடிட்டு தங்கச்சி வீட்டோட போயிட்டான்னு சொன்னாங்க. வயர் வேலையே பார்க்கிறது இல்லையாம், ஏதோ பண்ணையில கோழிக்குத் தீனி போடுறானாம். மடியில கனம் இல்லாதவனா இருந்தா ஓடுவானா? அதை எடுத்துச் சொன்னா ஊர்ல ஒருத்தனும் காது குடுத்துக் கேட்க மாட்டேங்கிறான். எழுந்து போயிடுறான்.

என்ன தம்பி, கை நின்னு போச்சு? அந்தப் பெட்டியைத்தானே பார்க்கிறீங்க. ஆமா, அதேதான். ஸ்டேஷன்ல வண்டியை எடுத்துக்கச் சொன்னப்போ நானே ஸ்க்ரூ டிரைவர் கொண்டு போய்க் கழட்டிட்டு வந்தேன். வண்டி போச்சு, இது நல்லாத்தான் இருக்கு. நல்லா இருக்கிற ஒரு சாமானைத் தூக்கிப் போட எனக்கு மனசு வராது. அதுவும் அவன் கூடவே இருந்தது. தங்கச்சியோட இருக்கட்டுமேன்னு நினைச்சேன், அது தப்பா?

பாருங்க, சிக்னல் எடுத்துருச்சு. போன்ல வந்துருச்சு பாருங்க. பிரசன்னா, கருமண்டபம், வண்டி நிக்குது. பேரை மட்டும் மாத்தணும். அது எப்படின்னு எனக்குத் தெரியலை. அபிகிட்டக் கேட்டேன், இந்தப் பேரை எடுத்துட்டு உன் பேரைப் போடும்மான்னு. எந்திரிச்சு உள்ள போயிட்டா. அவ என்னை அப்பான்னு கூப்பிடுறதையே விட்டுட்டா தம்பி. அந்த ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் ஒரு தடவை கூட இல்லை. மங்கையும் அப்படித்தான். சோறு போடுறா, துணி துவைக்கிறா, கேட்டதுக்குத் தலையாட்டுறா. இந்தப் பெட்டியை அபி வண்டியில மாட்டப் போறேன்னு சொன்னேன். காலையில பார்த்தா அபிக்கு ஏதோ பொட்டலம் கட்டிக் குடுத்துட்டு இருந்தா. துக்கம்தான், நாளாக நாளாக சரியாயிரும்.

நான் என்ன, எனக்காகவா செய்யிறேன்? இருக்கிறது ஒரே பொண்ணு. அதே மாதிரி லாரி ஓடுற ரோட்டுல தினம் போய்த் தினம் வரணும். வீட்டுல கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கச் சொல்றீங்களா? இந்தத் தடவை நான் அவசரப்பட மாட்டேன். நல்லாப் பார்த்துட்டுத்தான் அமுக்குவேன். உங்களுக்கு எழுதி வேணும்னாலும் குடுக்கிறேன். ரெண்டு லைன்லயும் குடுத்துருங்க, ஸ்டார்ட்டர்லயும் இருக்கட்டும், காயில்லயும் இருக்கட்டும். எதுல அமுக்கணும்னு நான் பார்த்துக்கிறேன்.

ஏன் தம்பி கவரைத் திரும்ப மாட்டுறீங்க? பெட்டி வெளியவே கிடக்குதே. அந்த வயரை எதுக்குப் பேட்டரியில இருந்து எடுத்தீங்க, போன்ல பிரசன்னா போயிருச்சு பாருங்க. இப்பத்தானே காட்டுச்சு. ஏன், நீங்களும் மாட்ட மாட்டீங்களா? நான் என்ன கேட்டுட்டேன் அப்படி? வாயைத் திறந்து சொல்லுங்க. ஊர்ல எல்லாரும் இப்படித்தான், ஒண்ணும் சொல்லாமப் பார்க்கிறான். என்ன தப்புன்னு முகத்துக்கு நேரா எவனாவது சொன்னாத்தானே நான் பதில் சொல்ல முடியும்.

இருங்க, பொண்ணைக் கூப்பிடுறேன். அவளே வந்து சொல்லட்டும், வேணும்னு. அபி. அபிம்மா.

அங்கதானே உட்கார்ந்திருந்தா. பச்சை சுடிதார். நீங்களும் பார்த்தீங்கள்ல? அந்த பஸ் வந்து மறைச்சுச்சு, இப்ப ஆளைக் காணோம். டீக்கடைப் பக்கம் போயிருப்பா. தண்ணி வாங்கப் போயிருப்பா. இருங்க, போன் அடிக்கிறேன். ரிங் போகுது. பக்கத்துலதான் இருக்கா.

என்னது, இங்க இருந்து சத்தம் வருது? உங்க போனா தம்பி? அந்த சீட்டைத் தூக்குங்க. டிக்கியில இருந்துதான் வருது. அவ போனுதான். அப்பான்னு எரியுதா? இல்லையா? வெறும் நம்பர் மட்டுமா வருது?

அவ பையைக் காணோமே. காலையில கிளம்புறப்போ மடியில ஒரு பையை வச்சுக்கிட்டுத்தான் பின்னாடி உட்கார்ந்து வந்தா. லேப்புக்கு வேண்டிய சர்ட்டிபிகேட்டு எல்லாம் இருக்குன்னு மங்கைதான் சொன்னா. பொட்டலம் வேற கட்டிக் குடுத்தா.

தம்பி, இப்ப இங்க நின்னுட்டுப் போச்சே ஒரு பஸ்ஸு, போர்டைப் பார்த்தீங்களா? அது எந்த ஊரு பஸ்ஸு தம்பி?